சார்த்ர் மாதா கோயில் அட்டை மாடல் கிட்: வாங்கி ஒட்டினவ சொல்றேன்

தீர்ப்ப மொதல்லயே சொல்லிடறேன், வாங்கலாம். ஆனா அட்டையோட தரத்த நம்பி வாங்காதீங்க. ஒட்ட ஒட்ட "இது ஏன் இப்டி இருக்கு"ன்னு ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கேள்வி வரும் பாருங்க, அதுக்காக வாங்கலாம். பதில் பாதிதான் பாக்ஸ்ல இருக்கு, மீதிய நாமதான் தேடிப் படிச்சுக்கணும்.

பொருள் என்னன்னா, ஃபிரான்ஸ்ல சார்த்ர்னு ஒரு பழைய ஊரு, அந்த ஊரு மாதா கோயிலோட 3டி அட்டை மாடல். 250-ல ஒரு பங்கு அளவு. நெசக் கோயில் 130 மீட்டர் நீளம், அதனால மாடல் 52 சென்டிமீட்டர் வருது, டிவி ஸ்டாண்டுல ஒரு பக்கத்த அப்படியே அடைச்சுக்கும். 2,000 ரூபாய்க்கு கொஞ்சம் கம்மி விலை. துண்டு துண்டா அழுத்தி எடுக்குற ஷீட்டு, ஒரு கோந்து ட்யூபு, ஜன்னலுக்கு கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் ஷீட்டு, இங்கிலீஷ்ல சின்னதா ஒரு புக்கு. கோந்து ட்யூப் கல்லு மாதிரி காஞ்சு போயி வந்துச்சு, அத அப்டியே குப்பைல போட்டுட்டு ஃபெவிகால் வாங்கிக்கங்க.

நாங்க கொடைக்கானல்ல ஆனந்தகிரி பக்கம். ஐப்பசி மழைல இத ஆர்டர் பண்ணாதீங்கன்னு மலையில இருக்கவங்களுக்குத் தனியா ஒரு எச்சரிக்கை. பார்சல் வத்தலகுண்டுலயே படுத்துக் கெடந்து ஒருவழியா மலை ஏறி வந்தா கூரியர் தம்பி "அக்கா மூஞ்சிக்கல் வந்து வாங்கிக்கங்க, இந்த மழைல மேல வரமாட்டேன்"னுட்டாரு, போயி வாங்கிப் பாத்தா ஒரு மூலை ஊறிப் போயிருக்கு. ஷீட்ட வெளிய எடுத்து வெச்சா ராத்திரி மஞ்சுல நமுத்துப்போயி காலைல எல்லாம் அப்பளமா வளைஞ்சு நிக்குது. அரிசி மூட்டைக்கு அடியில வெச்சு நிமித்தினோம். கீழ மதுரை திண்டுக்கல்ல இருக்கவங்களுக்கு இந்தப் பாடு இருக்காது.

சரி, கோயிலுக்கு வருவோம். சார்த்ர் பாரிஸுக்கு தென்மேற்கால 90 கிலோமீட்டர் கிட்ட வரும். சுத்தி போஸ்னு ஒரு சமவெளி, கண்ணுக்கு எட்டுன வரைக்கும் கோதுமை வயலு. நடுவுல ஒரு மேடு, அடிவாரத்துல ஊர்னு ஒரு ஆறு (ஆத்துக்குப் பேரே அதுதான்), மேட்டு மேல கோயில். அதனால பல மைல் தூரத்துலயே வயலுக்கு மேல கோபுரம் மட்டும் தெரியும். கார்னூத்துங்கற மக்களோட ஊரு அது (ரோமாபுரிக்காரங்க வர்றதுக்கு முன்னாடி அங்க இருந்த Gaul இனத்துல ஒரு பிரிவு), ரோமாபுரிக்காரங்க ஔத்ரிகும்னு பேரு வெச்சிருந்தாங்க. கீழ ஆத்தங்கரையில தோல் பதனிடுறவங்க, நெசவு, மாவு மில்லு, மேல ஆயரும் சாமியாருங்களும். மாதாவோட நாலு திருநாளுக்கும் கோயிலச் சுத்தி சந்தை கூடும், வியாபாரம் கோயில் வாசல் வரைக்கும் வந்து நிக்கும். புக்குல இந்த சந்தையப் பத்தி ஒரு வரி கூட இல்ல, ஆனா அந்தக் காசு இல்லன்னா இந்தக் கோயிலே இல்ல.

இன்னொன்னு, 876-ல சார்ல்ஸ் ராஜா (வழுக்கை சார்ல்ஸ்னுதான் வரலாத்துல பேரு, நான் வெக்கல) மாதா உடுத்தின துணின்னு ஒரு திருப்பண்டத்த இந்தக் கோயிலுக்குக் குடுத்தாரு. அதுல இருந்து எங்கெங்கயோ இருந்து ஜனம் நடந்தே வர ஆரம்பிச்சுது. எல்லாரும் அத சட்டைன்னே நெனச்சுட்டு இருந்திருக்காங்க, 1712-ல பேழையத் தொறந்து பாத்தா நீளமான பட்டுத்துணி! எங்க அம்மா இதக் கேட்டுட்டு "சேலையா இருக்கும்"னு ஒரே போடா போட்டாங்க. வேளாங்கண்ணி போயிட்டு வந்த கையோட பேசுறவங்ககிட்ட நாம என்ன வாதாட முடியும். கொடைக்கானல்காரங்களுக்கு ஃபிரான்ஸு மாதா ஒண்ணும் புதுசு இல்ல, நம்ம சலேத் மாதாவே அங்க இருந்து வந்தவங்கதான், 1860-கள்ல ஃபிரெஞ்சு சேசு சபை சாமியாருங்க கட்டின கோயில் அது, செண்பகனூர் கல்லூரியும் அவங்க சபைதான். ஆகஸ்ட் 15 நாம இங்க சலேத் மாதாவுக்குத் திருவிழா கொண்டாடுற அன்னைக்கு சார்த்ர்லயும் மாதாவோட விண்ணேற்புத் திருநாள், அந்தக் கோயிலே அந்தத் திருநாள் பேருலதான் இருக்கு.

இந்தக் கோயில் நெருப்புல வெந்து வெந்து எழுந்த கோயில். 1020-ல எரிஞ்சுது, ஃபுல்பேர்னு ஒரு ஆயர், பெரிய படிப்பாளி, திரும்பக் கட்டினாரு. அவர் கட்டின நிலவறை இன்னைக்கும் கோயிலுக்கு அடியில இருக்கு, ஃபிரான்ஸ்லயே பெருசு. 1134-ல ஊரு எரிஞ்சுது, அதுக்கப்புறம்தான் மேக்கால முன்வாசல் பக்கம் ரெண்டு கோபுரம் எழும்புச்சு, நடுவுல ராஜவாசல்னு சொல்ற மூணு வாசல், 1145-க்கு அப்புறம் செதுக்கினது. அப்புறம் 1194 ஜூன் 10. ராத்திரி பத்தின தீயில ஊரும் போச்சு கோயிலும் போச்சு. மாதா துணியும் போயிடுச்சுன்னு ஜனம் தலையில அடிச்சுக்கிட்டு அழுதுச்சாம், மூணு நாள் கழிச்சு சாமியாருங்க நிலவறையில இருந்து அத பத்திரமா தூக்கிட்டு வந்தாங்களாம். அதோட மாதாவே இன்னும் பெரிய கோயிலா கேக்கறாங்கன்னு பேச்சு பரவி, காசு கொட்டுச்சு. 25, 30 வருஷத்துல, 1220 வாக்குல கூரை மூடியாச்சு. அந்தக் காலத்துல இவ்ளோ பெரிய கோயிலுக்கு இது அசுர வேகம். 1260-ல ஒன்பதாம் லூயி ராஜா முன்னிலையில கோயிலுக்கு அபிஷேகம். தீயில தப்பின மேக்குக் கோபுரம் ரெண்டையும் ராஜவாசலையும் இடிக்காம அதுக்குப் பின்னாடியே புதுக் கோயில ஒட்டிக் கட்டிட்டாங்க. அதனால முன்னாடி ஒரு காலம், பின்னாடி ஒரு காலம்.

இத ஒட்டும்போது எங்க அப்பா பக்கத்துல உக்காந்துட்டாரு. ரிட்டயர்டு மேஸ்திரி, மலையில எத்தனையோ வீட்டுக்குத் தடுப்புச் சுவர் எழுப்பினவரு. சுவர் ஷீட்ல ஜன்னல் ஓட்டைதான் அதிகம், சுவர் கொஞ்சந்தான். கையில தூக்கிப் பாத்துட்டு "என்னத்தா, இது சல்லடையா இருக்கு, இது மேல கல்லு வளைவா? வெளிய பிதுங்கிரும்ல"ன்னாரு. அந்தக் கேள்விதான் இந்தக் கோயில். உள்ள கூரை 37 மீட்டர் உசரத்துல கல்லு வளைவு. அது கீழ மட்டும் அழுத்தாது, பக்கவாட்டுலயும் தள்ளும். சுவரத் தடியா போட்டா தாங்கும், ஆனா ஜன்னல் வெக்க முடியாது, உள்ள இருட்டு. அதுக்குத்தான் வெளிய தள்ளி பெரிய பெரிய முட்டுத் தூண நிறுத்தி, அங்க இருந்து பாலம் மாதிரி வளைவப் போட்டு சுவரத் தாங்கிப் புடிச்சிருக்காங்க. சார்த்ர்ல இத பின்னாடி யோசிச்சு ஒட்டல, ஆரம்பத்துலயே கணக்குல வெச்சுக் கட்டியிருக்காங்க. கீழ் வளைவுக்கும் மேல் வளைவுக்கும் நடுவுல சக்கரத்துக் கால் மாதிரி குட்டிக் குட்டித் தூணு. கிட்ல இந்தத் துண்டுதான் கஷ்டம், ஒவ்வொரு காலும் தீக்குச்சி தடிமன்தான், அழுத்தி எடுக்கும்போது பிஞ்சுடும், பிளேடால பின்பக்கம் லேசா கீறிட்டு எடுங்க. ஆனா ஒட்டி முடிச்சு சுவர விரலால அமுக்கிப் பாருங்க. முட்டு இல்லாம ஆடுது, முட்டு வெச்சதும் அசைய மாட்டேங்குது. எட்டாவது படிக்கிற என் பொண்ணுக்கு நான் போர்டுல எத்தனை படம் போட்டாலும் இது வந்திருக்காது. நானே ஸ்கூல்ல சரித்திரம் எடுக்குற ஆளு, சொல்றேன். இந்த ஒரு விஷயத்துக்கே பாதி காசு கழிஞ்சுடுச்சு.

இப்ப கோவம். கோபுரம்.

சார்த்ர் கோயில தூரத்துல இருந்து பாத்ததும் சொல்லிடலாம், ஏன்னா ரெண்டு கோபுரமும் ரெண்டு தினுசு. தெக்குப் பக்கம் உள்ளது 12-ம் நூற்றாண்டு, மொழுக்குன்னு அலங்காரமே இல்லாம 105 மீட்டர் கிட்ட. வடக்குப் பக்கம் மேல மரத்துல கூம்பு வெச்சிருந்தாங்க, 1506-ல இடி விழுந்து எரிஞ்சு போச்சு. ஜெயான் தெ போஸ்னு ஒரு கட்டடக் கலைஞர் 1507-ல ஆரம்பிச்சு 1513-க்குள்ள கல்லுலயே புதுக் கூம்பு எழுப்பினாரு, 113 மீட்டர், அவரு காலத்து ஃபேஷன்படி நெருப்புக் கொழுந்து கணக்கா செதுக்கல். பழச காப்பி அடிக்கணும்னு அவருக்குத் தோணவே இல்ல. நடுவுல 350 வருஷம் இருக்கு, ரெண்டும் பக்கத்துல பக்கத்துல நிக்குது, அதுதான் அழகே.

கிட்ல ரெண்டு கோபுரமும் ஒண்ணு! ஒரே ஷீட்ட ரெண்டு தடவ அச்சடிச்சு வெச்சிருக்கான். பாக்ஸ் மேல உள்ள போட்டோவுல சரியா இருக்கு, உள்ள இருக்கறது வேற. கஸ்டமர் கேருக்கு அடிச்சேன், எடுத்த பொண்ணு போட்டோவப் பாத்துட்டு, உள்ள யாரையோ கேட்டுட்டு வந்து "டிசைனே அப்டித்தான் மேடம், ரெண்டும் ஒரே ஹைட்ல இருந்தாதான் பேலன்ஸா இருக்கும்"னுச்சு. பேலன்ஸ்! ரீப்ளேஸ்மென்ட்டும் இல்ல ரீஃபண்டும் இல்ல, அடுத்த ஆர்டருக்கு பத்து பெர்சன்ட் கூப்பன்.

கடைசில அப்பாதான் வழி பண்ணாரு. கல்யாணப் பத்திரிகை அட்டை ஒண்ண எடுத்து வடக்குக் கூம்ப தனியா வெட்டினாரு. கணக்கு சுலபம், தெக்கு 42 சென்டிமீட்டர்னா வடக்கு 45 வரணும். மேல போறப்ப சாஞ்சிடுச்சான்னு நூல்ல ஒரு நட்டக் கட்டி தூக்குக்குண்டா தொங்கவிட்டு ஒரு கண்ண மூடிப் பாத்து ஒட்டினாரு. பத்திரிகைல இருந்த தங்கக் கலர் ஓரம் கூம்புல ஒரு பக்கம் தெரியுது, இருந்துட்டுப் போகட்டும்.

கூரையும் தப்பு. சாம்பல் கலர்ல அச்சடிச்சிருக்கான். கூரைக்கு மேல அந்தக் காலத்துல காடுன்னே பேரு வாங்கின மரச்சட்டம், 1836-ல வேலை பாத்தவங்க கவனக்குறைவுல அது மொத்தமும் எரிஞ்சு, மணியெல்லாம் உருகி, ஆனா கீழ கல்லு வளைவு தாங்கிடுச்சு. அடுத்து மரமே வேணாம்னு இரும்புச் சட்டம் அடிச்சு செப்புத் தகடு போட்டாங்க. செப்பு காத்து மழை பட்டுப் பட்டு பச்சையாயிடுச்சு, சார்த்ர் கூரைன்னா பச்சைதான். பாப்பாவோட வாட்டர் கலர்ல பச்சை அடிச்சோம், அட்டை இன்னும் கொஞ்சம் நமுத்துச்சு.

ஜன்னலுக்கு வரேன், ஏன்னா சார்த்ர்னாலே ஜன்னல்தான். 176 ஜன்னல், மொத்தம் 2,600 சதுர மீட்டர் கலர் கண்ணாடி, பெரும்பாலும் 13-ம் நூற்றாண்டுல போட்டது அப்படியே இருக்கு. மேக்குப் பக்கம் மூணும், நீல மாதா ஜன்னல்னு சொல்ற ஒண்ணோட நடுப்பகுதியும் 1194 தீக்கும் முன்னாடி உள்ளது. அந்த நீலம் கோபால்ட் போட்டு வந்தது, சார்த்ர் நீலம்னே பேரு. கிட்ல அந்த பிளாஸ்டிக் ஷீட்ல வந்திருக்கறது நீலம் இல்ல, கத்திரிக்கா கலரு. உள்ள சின்ன எல்இடி வெச்சு லைட்ட அணைச்சுப் பாத்தா பரவால்லாம இருக்கு.

ஜன்னலுக்கு அடியில யாருன்னு பாருங்க. ரொட்டி போடுறவங்க கூடையோட நிக்கறாங்க, செருப்பு தைக்கிறவங்க, கசாப்புக்காரங்க, தோல் ஆடை விக்கறவங்க, சக்கரம் செய்யுறவங்க, தண்ணி தூக்குறவங்க. நம்மூரு கோயில் ட்யூப்லைட்ல "உபயம்"னு பேரெழுதி பாதி வெளிச்சத்த மறைப்பாங்கல்ல, அதே சோலிதான், ஆனா இங்க வெளிச்சத்துக்குள்ளயே உபயம். அவங்களா சந்தோஷமாக் குடுத்தாங்களா, சாமியாருங்க கறந்தாங்களான்னு ஆராய்ச்சிக்காரங்களுக்குள்ள சண்டை ஓடிட்டுத்தான் இருக்கு. 1210-ல ஊர்க்காரங்க கோயில் நிர்வாகத்து மேல கலவரமே பண்ணியிருக்காங்க, அதையும் சேத்து வெச்சுதான் அந்த ஜன்னலப் பாக்கணும்னு எனக்குத் தோணுது. வடக்குப் பக்கம் ரோஜா ஜன்னல்னு சொல்ற பெரிய வட்ட ஜன்னல்ல ஒன்பதாம் லூயியோட அம்மா பிளாஞ்ச் ராணியோட கோட்டைச் சின்னம். தெக்கு ரோஜாவுக்குக் கீழ வேற மாதிரி ஒரு காட்சி, பழைய ஏற்பாட்டு தீர்க்கதரிசிங்க தோள் மேல நாலு சுவிசேஷக்காரங்களும் குட்டிப் பசங்களாட்டம் உக்காந்திருக்காங்க. இதே சார்த்ர்ல 12-ம் நூற்றாண்டுல பெர்னார்டுன்னு ஒரு வாத்தியார், நாமெல்லாம் ராட்சசங்க தோள்ல ஏறி உக்காந்த குள்ளனுங்க, அதான் அவங்கள விட தூரமாப் பாக்குறோம்னு சொல்வாராம், பின்னாடி இங்கயே ஆயரான ஜான் எழுதி வெச்சுட்டுப் போயிருக்காரு. ஐசக் நியூட்டன் சொன்னதுன்னு நம்ம பசங்க பேச்சுப் போட்டியில அடிச்சு விடுறாங்களே, அதுக்கு இவருதான் தாத்தா. எல்லா ஸ்டாஃப் ரூம்லயும் இத ஒட்டி வெக்கலாம்.

தரைக்கு ஒரு ஷீட்டு உண்டு, அதுல சுழல் பாதை அச்சடிச்சிருக்கான், இத மட்டும் அச்சுத் தப்பாம நல்லா பண்ணியிருக்கான். நெசத்துல கிட்டத்தட்ட 13 மீட்டர் அகல வட்டம், உள்ள 260 மீட்டருக்கு மேல நடக்கணும். தப்பு வழியே கிடையாது, ஒரே பாதைதான், சுத்திச் சுத்தி நடுவுக்குக் கொண்டு போயி விட்டுடும். வருஷத்துல பல நாள் மேல நாற்காலி போட்டு மூடித்தான் இருக்கும், சீசன்ல வெள்ளிக்கிழமை எடுத்து விடுவாங்க. என் பொண்ணு கூரைய ஒட்ட விடாம குச்சி வெச்சு நடந்துட்டு இருந்தா. கூரைய ஒட்டிட்டா அது கண்ணுக்கே தெரியாது, அதனால கூரைய மட்டும் கழட்டி மாட்டுற மாதிரி வெச்சுக்கங்க.

புக்கு 13-ம் நூற்றாண்டோட நின்னுடுது, அதுதான் எனக்கு பெரிய குறை. ஃபிரான்ஸ் ராஜா நாலாம் ஹென்றிக்கு 1594-ல முடிசூட்டினது இங்கதான், வழக்கமா ரேன்ஸ்ங்கற ஊர்ல நடக்கணும், அது எதிரிங்க கையில இருந்துச்சு. ஃபிரெஞ்சுப் புரட்சியப்போ 1793-ல நிலவறை மாதா சொரூபத்த வாசல்ல போட்டு எரிச்சாங்க, கோயிலயே இடிச்சிடலாம்னு கூட பேச்சு வந்துச்சு. 1939-ல சண்டை வருதுன்னதும் அத்தனை கண்ணாடியையும் கழட்டி பத்திரப்படுத்தினாங்க. 1940 ஜூன்ல ஜெர்மன்காரங்க உள்ள வந்தப்போ அந்த ஜில்லாவுக்கு பெரிய அதிகாரி ஜான் மூலேன், ஃபிரெஞ்சுப் படையில இருந்த ஆப்பிரிக்க சிப்பாய்ங்க மேல பொய்ப்பழி போட்ட காகிதத்துல கையெழுத்துப் போடமாட்டேன்னு அடி வாங்கி, தன் கழுத்தத் தானே அறுத்துக்கிட்டு பொழைச்ச ஆளு. பின்னாடி ஜெர்மன்காரங்கள எதிர்த்த ரகசிய இயக்கத்துக்கே தலைவர். 1944 ஆகஸ்ட் 16, கோபுரத்துல ஜெர்மன்காரன் ஒளிஞ்சிருக்கான்னு அமெரிக்கப் படை கோயிலையே சுடப் பாத்தப்போ, கர்னல் வெல்போர்ன் கிரிஃபித் நான் போயி பாக்கறேன்னு உள்ள போயி மேல ஏறி யாரும் இல்லன்னு சொல்லி நிறுத்தினாரு, அன்னைக்கே பக்கத்து ஊர்ல சுடப்பட்டு செத்தாரு. இதுல ஒண்ணாவது போட்டிருக்கலாம்ல.

1979-ல யுனெஸ்கோ பட்டியல்ல சேத்தாங்க. 2009-ல உள்ள அழுக்க எடுத்து 13-ம் நூற்றாண்டு வெளுப்புக்குக் கொண்டு வரோம்னு வேலைய ஆரம்பிச்சாங்க. அதுல தூண் மாதான்னு கறுப்பு மாதா சொரூபம், 16-ம் நூற்றாண்டு, ஜனம் கறுப்பாவே கும்புட்டுப் பழகினது, அதையும் 2014-ல வெள்ளையாக்கிட்டாங்க. உலகம் பூரா சண்டை. அடியில இருந்த பழைய பெயின்ட்டு அதுதான்னு அவங்க பக்கம் ஒரு நியாயம். எங்க அம்மாகிட்ட ரெண்டு போட்டோவும் காட்டினேன். "கும்புட்டவங்க கிட்ட ஒரு வார்த்தை கேட்டாங்களா"ன்னாங்க. நானும் அம்மா கட்சி.

ஊருக்குள்ள போனா பாக்க வேண்டியது பிக்காசியெத் வீடு, கல்லறைத் தோட்டத்துல வேலை பாத்த ரேமோன் இசிதோர், தெருவுல கெடந்த ஒடஞ்ச பீங்கான் சில்லெல்லாம் பொறுக்கிட்டு வந்து தன் வீட்டுச் சுவரு, தரை, அடுப்பு, நாற்காலி வரைக்கும் ஒட்டி முடிச்ச மனுஷன், 1938-ல தொடங்கி 60-கள் வரைக்கும். கம்பெனிக்காரன் கோயிலுக்குப் பதிலா இந்த வீட்டுக்கு கிட் போட்டிருந்தா நான் ரெண்டு வாங்கியிருப்பேன்.

மலையில வாங்குறவங்க பங்குனி சித்திரைல ஆர்டர் பண்ணுங்க, வடக்குக் கூம்புக்கு கெட்டி அட்டை தயாரா வெச்சுக்கங்க, பத்து வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைங்ககிட்ட முட்டுத் துண்டக் குடுக்காதீங்க. அஞ்சுக்கு மூணு ஸ்டார். அந்தக் கூப்பன் சும்மாதான் கெடக்கு, அதே கம்பெனி ரேன்ஸ் கதீட்ரலும் போட்டிருக்கான், அதுல நெசமாவே ரெண்டு கோபுரமும் ஒரே உசரம், ஒரே ஷீட்ட ரெண்டு தடவ அடிச்சாலும் தப்பிச்சுக்குவான், அத வாங்கலாம்னு அப்பா சொல்றாரு. அமியான் கதீட்ரல் மட்டும் வேணாம், அங்கயும் ஒரு கோபுரம் கூட ஒரு கோபுரம் கொறைய.